மணல் மூட்டைக்கும் தலைசுத்தல்

பெல்ட்டை இப்பவே மாட்டாதீங்க தம்பி. நான் ஒண்ணும் ஓடிப் போயிட மாட்டேன்.

போன தடவை என்னை உக்கார வச்சுச் சுத்துனதும் இதே நாற்காலியிலதான். நாற்காலி நின்னப்புறமும் கண்ணு துடிக்குது, காதுக்குள்ள பேலன்ஸ் சரியில்லன்னு ரிப்போர்ட் குடுத்துட்டீங்க. ஸ்கூல் வேன் ஓட்டுறவ நான். லைசென்ஸை நிறுத்தி வச்சுட்டாங்க. இன்னைக்கும் அதே ரிசல்ட் வந்தா வண்டி வேற ஆள் கைக்குப் போயிடும்.

என்னது, மிஷின் பொய் சொல்லாதா? அடேங்கப்பா! இதைச் செஞ்ச இன்ஜினியரும் அப்படித்தான் சொல்வாரு. அவருக்கு இது நாற்காலி இல்ல, பெத்த புள்ள. அடியில மோட்டாராம், எங்க நிக்கிறோம்னு அதுக்கு நொடிக்கு நொடி சொல்ல ஒரு சென்சாராம், மயிரிழை பிசகாம நிக்குமாம். நிக்கும், யாரு இல்லைன்னா? ஒல்லியா ஒருத்தர் உக்காந்தா நிக்கும்.

சிரிக்காதீங்க. மோட்டார் எப்படி இழுக்கணும், எப்ப புடிச்சு நிறுத்தணும்னு செட் பண்றதுக்கு யாராவது உக்காரணும்ல? கம்பெனியில ஒருத்தரும் வரல, வாந்தி வந்துடும்னு பயம். கடைசியில அவரே ஏறி உக்காந்தாரு. காத்தடிச்சா கதவைப் புடிச்சுக்கற உடம்பு அது. அந்த உடம்புக்கு செட் பண்ணிட்டு, என்னமோ ஊர் உலகத்துக்கே பண்ணிட்ட மாதிரி கேக் வெட்டினாரு. என்னை மாதிரி கனமான ஆள் உக்காந்தா, இது நிக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிட்டு, வீட்டு வாசலைத் தவறவிட்ட குடிகாரன் மாதிரி திரும்பி வருது. நாற்காலி ஆடுனா கண்ணு ஆடாதா? இன்னும் எத்தனை குண்டானவங்களுக்கு இல்லாத நோயை ஒட்டி விட்டிருக்கீங்களோ!

நம்பிக்கை இல்லையா? எதிர் ரூம்ல எக்சர்சைஸுக்கு மணல் மூட்டை வச்சிருக்கீங்கல்ல? என் எடைக்கு அடுக்கிக் கட்டி, ஒரு சுத்து சுத்திப் பாருங்க. நான் இப்படி ஓரமா நிக்கிறேன்.

ம்... கட்டியாச்சா? சுத்த விடுங்க. நிறுத்துங்க.

பாத்தீங்களா? தாண்டிப் போச்சு, திரும்பி வந்துச்சு. எழுதிக்கோங்க, மணல் மூட்டைக்கும் காதுல கோளாறுன்னு.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு கேக்கறீங்களா? சாப்பிட உக்காந்தா சோத்துத் தட்டைச் சுத்திச் சுத்திக் காட்டி இதத்தானே பேசுவாரு. வெளிய பெஞ்சுல ஒல்லியா ஒருத்தர் இருக்காருல்ல, என் வேன் சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு? அந்த இன்ஜினியர்தான், என் வீட்டுக்காரர். கோளாறு உனக்குத்தான் இருக்கும், நாற்காலிக்கு இருக்காதுன்னாரு. அன்னைக்கு அழுதுட்டேன் தம்பி.

மூட்டையை இறக்காதீங்க. அவரை உள்ள கூப்பிடுங்க. சாவியோட வரச் சொல்லுங்க.