இடது பக்கத்து ஸ்பீக்கர்

ஞாயிறு மதியம் மாட்டுங்கா ரோடில் சர்ச்கேட் லோக்கல் ரயில் ஏறினேன். பெட்டியில் கூட்டமில்லை. எதிர் சீட்டில், ஜன்னலோரம் அவளும் பக்கத்தில் அவனுமாக, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. கிராண்ட் ரோடில் இறங்கி ஸ்பீக்கர் வாங்கப் போகிறார்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

“ஹால்ல இருக்கறது அப்பாவோட பெரிய செட். நம்ம ரூமுக்குச் சின்னதா ரெண்டு போதும். புஸ்தக ஷெல்ஃப்ல இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு. கண்ணை மூடிண்டா பாடறவா நடுவுல வந்து நிக்கறாப்பல இருக்கும்” என்றான்.

“ஏன்னா, எனக்கு ஒண்ணே போதும்.”

“ஒண்ணா? ஜோடியாத்தான் தருவான்.”

அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள். “எனக்கு இடது காது கேக்காது. சின்ன வயசுலேர்ந்தே. எங்காத்துல உங்ககிட்ட சொல்லாமயே கல்யாணம் பண்ணி வெச்சுட்டா.”

ரயில் தாதர் தாண்டியது. கோபித்துக்கொள்வான் என்றுதான் நினைத்தேன்.

“அப்போ ராத்திரி அந்தக் காதுப் பக்கம் படுத்துண்டு நான் சொன்னதெல்லாம்?”

“கழுத்துல மூச்சு மட்டும் படும். நன்னாயிருக்கும். அப்படியே தூங்கிடுவேன்.”

அவளை நகரச் சொல்லி, ஜன்னலோரமாக அவளுடைய வலது பக்கம் வந்து உட்கார்ந்தான்.

“எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொல்லணுமே.”

“சொல்லுங்கோ.”

கிராண்ட் ரோடு வந்தது, போனது. இருவரும் இறங்கவில்லை.