ஒரு கீறலாவது

பொடி எழுத்தைப் படிக்கச் சலிக்காதவன் நான். மாத்திரை அட்டையைக்கூடப் பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டுத்தான் விழுங்குவேன். அதனால் நீங்கள் எழுதிக் கொண்டுவந்திருக்கும் இந்தத் தாளையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன், சார். தப்பாக நினைக்காதீர்கள்.

கட்டட வேலைக்கு மெஷின்களை வாடகைக்கு விடுகிற கடை என்னுடையது. டிரில்லிங் மெஷின், கிரைண்டர், டைல் கட்டர், இரண்டு வெல்டிங் செட், ஒரு சின்ன ஜெனரேட்டர். ஒவ்வொன்றின் அடியிலும் என் கையால் எண் வெட்டியிருக்கிறேன். நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் அலமாரிக் கம்பியோடு கோத்து ஒரே சங்கிலி, ஒரே பூட்டு. ஆள் வந்தால் பூட்டைத் திறந்து, மெஷினை எடுத்துக் கொடுத்து, மறுபடி பூட்ட வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மாமாவுக்கு அது கஷ்டமாக இருந்தது. மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பார்த்துக்கொண்டிருந்த வேலை போனதும் அக்கா ஒரு வார்த்தை சொன்னாள், நானும் அவரைக் கடையில் உட்காரவைத்தேன். தங்கமான மனுஷர். அவர் சிரித்தால் கடையே சேர்ந்து சிரிக்கும். "நாய்க்குக்கூட இவ்வளவு பெரிய சங்கிலி போடமாட்டாங்க, மாப்ள" என்பார். வந்திருக்கும் மேஸ்திரிகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். நான் அந்தப் பக்கம் போனதும் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிடுவார்.

போன வருஷம் பட்டப்பகலில் இரண்டு கிரைண்டர் காணாமல் போயின. மாமா எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். ஏஜென்ட் பாலிசியைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். அந்த வரியை நான் முன்பே படித்திருந்தேன். படித்தும், அது வேறு யாருக்கோ எழுதியது என்று நினைத்திருந்தேன்.

"திருட்டுன்னா பலவந்தம் இருக்கணும் சார். பூட்டு உடைஞ்சிருக்கணும், இல்ல காவலுக்கு இருந்த ஆள் அடிபட்டிருக்கணும். தொறந்து கெடந்த கடையில தூக்கிட்டுப் போனா கம்பெனி என்ன பண்ணும்? ஒரு கீறலாவது வேணுமில்ல?"

தமாஷாகத்தான் சொன்னார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. தயவுசெய்து அவரைக் கூப்பிட்டு அலைக்கழிக்காதீர்கள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, புதுப் பூட்டு ஒன்று வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மாமா கடை நடுவில் நின்றுகொண்டிருந்தார். அலமாரி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. சங்கிலி தரையில் சுருண்டு கிடந்தது. பூட்டு திறந்திருந்தது, அதிலேயே சாவி.

"கண்ணசந்துட்டேன், மாப்ள. கால் மணி நேரம்கூட இருக்காது."

நான் கோபப்படவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். குரலைக்கூட உயர்த்தவில்லை, பக்கத்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு யோசித்தேன். இனிமேல் பூட்டை உடைத்துப் பயனில்லை. காலையிலிருந்து கடை திறந்திருந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. மிச்சம் இருந்தது ஒரே வழி. அதை மாமாவிடம் நிதானமாக விளக்கினேன். வந்தவர்கள் உங்களை அடித்துப் போட்டுவிட்டு எடுத்துப் போனதாக இருக்கட்டும், கடை பிழைக்கும், இரண்டு குடும்பமும் பிழைக்கும் என்றேன்.

"நான் தூங்கினத உங்கக்காகிட்ட சொல்லமாட்டியே?" என்று மட்டும் மாமா கேட்டார்.

சொல்லமாட்டேன் என்றேன். இதுவரை சொல்லவில்லை.

ஆக, அவர் சம்மதத்தோடுதான் நடந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தார். "பத்திரமா வை, மாப்ள. புதுசு. உங்கக்கா திட்டுவா." ஸ்டூலை இழுத்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பி மூலையில் இருந்தது, அதை எடுத்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கினால் படக்கூடாத இடத்தில் பட்டுவிடும் என்று ஜாக்கிரதையாக இருந்தேன்.

அன்று சாயங்காலமே மாமா ஆஸ்பத்திரியில் இறந்துபோய்விட்டார். அக்கா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். அதை வாங்கிப் பார்த்தது நீங்கள்தான். ஒரு கீறல்கூட இல்லையே, அடிக்க வந்தவன் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டா அடித்தான் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

அக்காவை நான் கைவிட்டுவிடவில்லை. மறுநாளே ஏஜென்ட்டைப் போய்ப் பார்த்தேன். ஊழியர்களுக்கு விபத்து பாலிசியும் எடுத்து வைத்திருக்கிறேன். அது ஊழியர் பட்டியலில் பேர் இருப்பவர்களுக்கு மட்டும்தானாம். வீட்டு மனுஷர்தானே என்று மாமாவின் பேரை நான் எழுதவே இல்லை. அந்த ஒரு ஓட்டையைக் கவனிக்காமல் விட்டது என் தப்புதான். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது இந்த வாக்குமூலத் தாள். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. 'தலையில் ஓர் அடி' என்ற இடத்தை மட்டும் திருத்த வேண்டும். அப்படிச் சொன்னது நான்தான். ஆனால் டாக்டர் மூன்று காயம் என்று எழுதியிருக்கிறார். அவர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்.

முதல் அடியிலேயே ரத்தம் வந்துவிட்டது. மாமா தலையைத் தொட்டு, விரலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குச் சரியாகத் தெரியாது. பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். மேஸ்திரிகளிடம் சிரிக்கிற அதே சிரிப்பு.

"இது போதுமா, மாப்ள?"

கம்பெனிக்கு அது தாராளமாகப் போதும், சார். எனக்குப் போதவில்லை.