விக்கப்போற டிராக்டருக்குப் புதுக் கொக்கி

பொள்ளாச்சி பஸ். முன்சீட்டுக்காரர் மடியில் கனத்த இரும்புக் கொக்கி.

"விக்கப்போற டிராக்டருக்குத்தானுங்க இது" என்றார்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். "விக்கற வண்டிக்குப் புதுசு எதுக்குங்க?"

"எங்கண்ணன் வண்டிங்க, ரொம்பப் பழசு. கலப்பை மாட்டற கொக்கி முறிஞ்சுபோச்சு. அவசரத்துக்குச் சங்கிலிய அச்சுக்கு மேல கட்டித் தென்னங்கட்டைய இழுத்தாருங்க. மேல கட்டுனா வண்டி முன்னால தூக்கிக்கும். அப்படியே பின்னால அவரு மேல கவுந்து, அங்கயே போயிட்டாருங்க."

கிணத்துக்கடவில் பஸ் குலுங்கி நின்றது. அவர் கொக்கியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அப்படியே குடுத்தரலாம்னுதானுங்க நானுஞ் சொன்னேன். அண்ணி கேக்கல. 'கொக்கி இல்லீன்னா வாங்கறவரும் என்னைக்காச்சும் சங்கிலிய அச்சுக்கு மேலதான் கட்டுவாரு தம்பி. அவரு ஊட்லயும் ஒருத்தி இருப்பாளல்ல'ன்னுபோட்டாங்க."