சாயங்கால மாத்திரை

மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டாரான்னா சிஸ்டர்? சொல்றேன், சொல்றேன். எழுதறதுக்கு முன்னாடி அந்த நாற்காலியில கொஞ்சம் உக்காருங்களேன். காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க, பாக்கற எனக்கே கால் வலிக்குது. எங்க வீட்டுக்காரரை இப்பத்தானே உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க. வட்டம் வரையச் சொல்லி, விரலைத் தட்டச் சொல்லி, நடக்கவிட்டுப் பாத்து, எல்லாம் முடிய எப்படியும் அரை மணி ஆகும்.

பெரிய டாக்டர் போன தடவையே சொல்லிட்டார். முதல் ரெண்டு மாசம் கை நடுக்கம் நல்லாக் குறைஞ்சுது, அப்புறம் மறுபடி ஏறிடுச்சு, இந்தப் புது மருந்து உங்களுக்கு அவ்வளவுதான் போலன்னு. இன்னிக்கும் இதே நிலைமைன்னா நிறுத்திடலாம், மருந்து நிலைக்கலைன்னு எழுதிடறோம்னார். அதைக் கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல.

வேணாம் வேணாம், தண்ணியெல்லாம் வேணாம். அசதிதான், வேற ஒண்ணுமில்ல.

நான் சயின்ஸ் டீச்சர், தெரியும்ல? இருபத்தாறு வருஷமா எட்டாம் வகுப்பு. இந்த ஆராய்ச்சியில சேரும்போது எங்க எல்லாரையும் உக்கார வச்சு விளக்கினீங்களே, பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்குச் சும்மா மாவு மாத்திரை, யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது, டப்பா மேல நம்பர் மட்டும்தான் இருக்கும்னு. மத்தவங்க எல்லாம் முழிச்சாங்க. நான் தலையாட்டிக்கிட்டே இருந்தேன். இதைத்தானே வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்திக்கிட்டிருக்கேன்.

ரெண்டு தொட்டி வைங்கடா. ஒரே மண்ணு, ஒரே விதை, ஒரே வெயில், ஒரே அளவு தண்ணி. ஒண்ணுல உரம் போடு, இன்னொண்ணுல போடாத. ஒண்ணே ஒண்ணைத்தான் மாத்தணும், மத்ததைத் தொடவே கூடாது. கேப்பாங்களா? ஒருத்தன் உரம் போட்ட தொட்டியை ஜன்னல்ல வச்சுட்டு மத்ததைக் கட்டிலுக்கடியில தள்ளிட்டான். உரம் பிரமாதமா வேலை செய்யுது டீச்சர்ங்கறான்! இன்னொருத்தன் கிட்ட ஒரே ஒரு செடிதான். உரம் போட்டானாம், வளந்துதாம். அட, போடலைன்னாலும் வளந்திருக்கும்டா, எதோட ஒப்பிட்டுப் பாத்தேன்னா, மோட்டுவளையைப் பாக்கறான். நீங்க சிரிக்கறீங்க. நாப்பது நோட்டு திருத்திப் பாருங்க, சிரிப்பு வராது.

ஒரே ஒரு பொண்ணு மட்டும் எல்லாத்தையும் ஒழுங்காச் செஞ்சா. தேதி, உயரம், கட்டம் போட்டு அச்சடிச்ச மாதிரி எழுதியிருந்தா. ஆனா கடைசி வாரம் ரெண்டு செடியும் ஒரே உயரம். என்னடின்னு கேட்டா, உரம் இல்லாத செடி வாடிடுச்சு டீச்சர், பாவமா இருந்துச்சு, அதுக்கும் கொஞ்சம் போட்டேங்கறா. எல்லார் முன்னாடியும் நிக்கவச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். பாவம் பாத்தே, பரிசோதனை போச்சு, நாலு வாரமும் வீணாப் போச்சுன்னு சைபர் போட்டேன். அவங்கம்மா வந்து சண்டை போட்டாங்க. நான் இறங்கியே வரல.

வரேன், மாத்திரைக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன்.

எங்ககூடவே வருவாரே டெய்லர், ஒல்லியா, காதுல பென்சில் சொருகிக்கிட்டு, அவர் எங்க பக்கத்துத் தெரு. ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் இதுல சேந்தாங்க. காலைக்கு ஒண்ணு, சாயங்காலத்துக்கு ஒண்ணுன்னு அறை அறையா ஒரு பெட்டி கொடுத்தீங்கள்ல, அதைப் பாத்தாலே டெய்லர் சம்சாரத்துக்குப் பயம். நீங்களே ரொப்பிக் கொடுத்துடுங்கக்கா, நான் மாத்திப் போட்டுத் தொலைச்சுடுவேன்னு அவர் டப்பாவையும் எங்க வீட்டுலயே வச்சுட்டா. ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பெட்டியும் நான்தான் ரொப்புவேன். மாத்திரையும் ஒரே மாதிரி, ஒரே வெள்ளை.

ரெண்டே மாசம் சிஸ்டர். எங்க வீட்டுக்காரர் தானே சவரம் பண்ணிக்க ஆரம்பிச்சுட்டார். தம்ளர் ததும்பாமத் தண்ணி குடிச்சார். டெய்லருக்கோ ஊசியில நூல் ஏறல. யாரோ கொடுத்த சட்டைத் துணியைக் கோணலா வெட்டி, அந்த ஆளு கடை வாசல்லயே நின்னு கத்திட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் மெஷினைத் துணி போட்டு மூடிட்டு, பக்கத்துல சும்மா உக்காந்திருப்பார். ரெண்டே பேரை வச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது, தினம் அந்தக் கடையைத் தாண்டித்தானே ஸ்கூலுக்குப் போகணும்.

டெய்லர் சம்சாரம் வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தாக்கூட நான் பாடம் நடத்தி அனுப்பியிருப்பேன். கேக்கல. அண்ணனுக்கு நல்லாயிடுச்சே அக்கா, அதுவே போதும், எங்க வீட்டுக்காரருக்கு உடம்புவாகு ஒத்துக்கல போலன்னா. எங்க வீட்டுக்காரர் தம்ளரைத் தூக்கறதையே பாத்துக்கிட்டிருந்தா. நெஜமாவே சந்தோஷப்பட்டா. பொறாமைப்பட்டிருந்தா நான் தாங்கியிருப்பேன்.

சரி, எழுதிக்கோங்க. மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் சாப்பிட்டார், ஒரு வேளை விடல. காலையில அவரோடது, சாயங்காலம் டெய்லரோடது. டெய்லருக்கும் அதே மாதிரி, பாதிக்குப் பாதி. மூணு மாசமா. டப்பாவை எண்ணினா கணக்கு சரியாத்தான் வரும்.

இருங்க, எழுந்திருக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டுப் போங்க. மருந்து நிலைக்கலைன்னு மட்டும் எழுதிடாதீங்க. அது நல்லாத்தான் வேலை செஞ்சுது, பாதியாக் குறைச்சது நான். டெய்லர் போன வாரம் மெஷினைத் திறந்து ஒரு தலையணை உறை தைச்சிருக்கார், தெரியுமா? நான் பண்ணின கூத்தால நல்ல மருந்துக்குக் கெட்ட பேர் வந்தா, முகம் தெரியாத எத்தனை பேருக்கு அது கிடைக்காமப் போகும்! ரெண்டு பேர் கணக்கையும் அடிச்சுடுங்க. ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவீங்க, நாளையிலேர்ந்து பாதிகூடக் கிடைக்காது. தெரிஞ்சுதான் சொல்றேன். டெய்லருக்கும் அவர் சம்சாரத்துக்கும் எதுவுமே தெரியாது, அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க.

எங்க வீட்டுக்காரருக்கா? இல்ல. அவருக்கும் தெரியாது. நடுக்கம் மறுபடி வந்ததும், தான் ஒழுங்காப் பயிற்சி செய்யாததுதான் காரணம்னு நினைச்சுட்டார். டாக்டர் பத்து தடவை செய்யச் சொன்ன கைப்பயிற்சியை, பாவம் மனுஷன், தினமும் நாப்பது தடவை செய்யறார். பக்கத்துல உக்காந்து எண்ணிச் சொல்றது நான்தான்.