மேலாளர் நாற்காலிக்கு அடியில் வீசிய காற்று

என் பெயரும் முகவரியும் புகார் மனுவில் கண்டபடி சரியே. வயது நாற்பத்தைந்து என்று எழுதியிருப்பது தவறு, முப்பத்தெட்டு. புகார் கொடுத்த மேலாளரின் கண்ணுக்கு அப்படித் தெரிந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. தொழில், கணினி சர்வர்கள் ஓடும் கூடத்தில் காற்றோட்டப் பொறியாளர்.

எங்கள் கூடத்தின் தரை இரும்புக் கால்களின் மேல் தூக்கிப் போடப்பட்டது. ஏசிக் காற்று தரைக்கு அடியில் ஓடி, துளை போட்ட டைல்கள் வழியாக சர்வர்களின் முன்னால் மேலே வரவேண்டும். ஆனால் கடைசி வரிசை சர்வர்கள் மட்டும் சூடேறி அடிக்கடி தாமாகவே நின்றுவிடும். மேலாளர் அதற்காக ஏசி மேல் ஏசியாக வாங்கிப் போட்டும் சூடு இறங்கவில்லை. காரணத்தைத் தேடிப் போனபோது, கூடத்தின் மூலையில் உள்ள அவருடைய கண்ணாடி அறையில், கடைசி வரிசையில் இருக்கவேண்டிய துளை டைல்கள் நான்கு அவர் நாற்காலியைச் சுற்றியே கிடக்கக் கண்டேன். அவரிடம் சொன்னதற்கு, "எனக்கு வேர்க்கும்மா. நீங்க இன்னொரு ஏசிக்கு எழுதுங்க" என்றார்.

அதன் பிறகு இன்று மதியம் அவர் சாப்பிடப் போன சமயம், நான் அந்த நான்கையும் பெயர்த்துக் கடைசி வரிசையின் முன் பதித்து, அங்கிருந்த துளையில்லாத டைல்களை அவர் அறையில் போட்டு, தேவையில்லாத இரண்டு ஏசிகளையும் நிறுத்தினேன். அதன் பிறகு அவர் வந்து உட்கார்ந்து, வேர்த்துச் சட்டை நனைந்து, கேமராப் பதிவைப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திருடி என்றும் வேலையை விட்டுப் போ என்றும் சத்தம் போட்டார். டைல்கள் உள்ளேதான் இருக்கின்றன என்றேன். "என்னைக் கேக்காம எடுத்தா திருட்டுதான்" என்றார். அதன் பிறகு வாசலில் காவலுக்கு நிற்கும் என் நாத்தனார், "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி, அவர் பாத்துட்டு நிக்கிறார், பையைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டுத் துழாவினாள். சாப்பாட்டு டப்பாவும் குடையும் இருந்தன. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருட வேலை ஒரு சொல்லில் போய்விட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதன் பிறகு காவல் ஆய்வாளராகிய தாங்களும் முதலாளியம்மாவும் வந்து, டைல்களைக் காட்டச் சொன்னீர்கள். காட்டினேன். தங்கள் கையிலிருந்த புகார் நகலை அவற்றில் ஒன்றின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்ததும் அது எழும்பிப் பறக்க, மேலாளர் பின்னாலேயே ஓடிப் பிடித்தார். உடன் வந்த காவலர் சிரித்தார்; நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. அதன் பிறகு முதலாளியம்மா கடைசி வரிசையின் வெப்பமானியைப் பார்த்து, "ரெண்டு ஏசி நின்னும் இவ்வளவு குளிருதா?" என்று கேட்டார். "இன்னும் ஒண்ணையும் நிறுத்தலாம் மேடம்" என்று சொல்லி, மூன்றாவதையும் தங்கள் முன்னிலையில் நிறுத்தினேன். அரை மணி நேரம் எல்லோரும் நின்று பார்த்தும் சூடு ஏறவில்லை. எனக்கு சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு மேலாளர் புகாரைத் திரும்பப் பெறுவதாக என் காதருகே வந்து சொன்னார். திருடி என்று கூடமே அதிரச் சொன்னவர் இதையும் அப்படியே சொல்லட்டும் என்றேன். சொன்னார். என் நாத்தனார்தான் முதலில் கைதட்டினாள். இனி என் கையெழுத்து இல்லாமல் கூடத்தில் ஒரு டைலையும் ஒரு ஏசியையும் யாரும் தொடக்கூடாது என்று முதலாளியம்மா உத்தரவிட்டார். அதன்படி நான் முதல் கையெழுத்தைப் போட்டது, மேலாளர் அறைக்கு மேசை மின்விசிறி ஒன்று வழங்கும்படி.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
காற்றோட்டப் பொறியாளர், பணியில்