பின்பக்கத்து இடது ரப்பர்

பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பெயின்ட்டைத் தடவுவார்கள், கதவைச் சாத்திச் சத்தம் கேட்பார்கள், ஹாரனை அடிப்பார்கள். வண்டியின் நிஜ வயது அடியில் இருக்கிறது. மல்லாந்து படுத்து முதுகில் மண் ஒட்டினால்தான் அது தெரியும். நான் நாற்பத்தொரு வருடம் அப்படிப் படுத்தவன். ஆறாவதோடு படிப்பு நின்றுவிட்டது, அதனால் எழுத்தில் பிழை இருக்கும். சொல்வதில் இருக்காது.

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்களுக்கும் ஜீப் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த ரப்பரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வண்டியின் அடிச்சட்டம் மேலே இருக்கிறது, சக்கரங்களைக் கோக்கும் அச்சு கீழே. நடுவில் பட்டை ஸ்பிரிங். பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் நசுங்கி அச்சு மேலே எகிறும். அது சட்டத்தில் போய் மோதாமல் இருக்க, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு ரப்பர் கட்டிகள் சட்டத்தின் அடியில் முடுக்கியிருக்கும். உள்ளங்கை அளவுதான். பம்ப் ரப்பர் என்போம். இரும்பும் இரும்பும் தொடாமல் நடுவில் நின்று அடி வாங்குவது அதன் வேலை. என் வீட்டில் அந்த வேலையை என் மகள் பார்த்தாள்.

அவளும் மாப்பிள்ளையும் என்னோடு தங்க வந்தது போன வருடம், எனக்கு நெஞ்சுவலி வந்த பிறகு. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். எப்போதும் சிரித்த முகம். பல்லைக் காட்டிக்கொண்டே இருப்பவனை நான் நம்புவதில்லை, அது என் வழக்கம். வந்த வாரமே மாடிப்படிக்கு விளக்குப் போட்டார். என் மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பிரித்து ஒரு டப்பாவில் வைத்தார். குளியலறையில் நான் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதித்தார். அது கழன்று வருகிறதா என்று இரண்டு நாள் ஆட்டிப் பார்த்தேன். வரவில்லை. சம்பந்தமில்லாத வேலையை ஒருத்தன் இத்தனை உறுதியாகச் செய்தால் என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

பிறகு என் ஜீப்பின் சாவி என் அறை ஆணியிலிருந்து அவர்கள் அறை ஆணிக்குப் போனது.

"எங்க போகணும்னாலும் சொல்லுங்க மாமா, நான் ஓட்டறேன். அந்தக் குவாரிப் பாதைல மட்டும் தனியா வேண்டாம்."

"நான் அந்தப் பாதைல ஓட்டறப்ப உங்கப்பாவுக்கு மீசையே முளைக்கல மாப்பிள்ளை."

"அதத்தான் நானும் சொல்றேன். அப்ப பாதையும் புதுசு, நீங்களும் புதுசு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவர் உங்க நல்லதுக்குத்தான்பா சொல்றார்" என்றாள். இந்த உலகத்தில் யாருக்காவது கெடுதல் செய்தவன் எவனும் அதைக் கெடுதல் என்று சொல்லிச் செய்ததில்லை.

மாற்றுச் சாவி இல்லாத மெக்கானிக்கை நீங்கள் பார்த்திருக்க முடியாது. ஒரு காலையில் இரண்டு பேரும் வெளியே போயிருந்தபோது வண்டியை எடுத்துக்கொண்டு குவாரிப் பாதைக்கே போனேன். மேட்டைத் தாண்டி வளைவில் ஒரு குழி. எனக்குத் தெரிந்த குழிதான். இறங்கியதும் பின்னால் இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம் கேட்டது, சம்மட்டியால் அடித்தது போல. வண்டியின் பின்பாகம் துள்ளிப் பள்ளத்தின் ஓரத்துக்கு நகர்ந்தது. இன்னும் ஒரு முழம் நகர்ந்திருந்தால் இதை எழுத நான் இருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அடியில் படுத்தேன். பின்பக்கத்து இடது ரப்பர் இல்லை. அதை முடுக்கிய இரும்புத் தகடு மட்டும் சட்டத்தில் இருந்தது. தகட்டில் ஒட்டியிருந்த மிச்ச ரப்பரை விரலால் தடவினேன். பிய்ந்த மாதிரி இல்லை. கத்தியால் சீவியது போல வழவழவென்று இருந்தது.

அன்று சாயங்காலம் அவரிடம் சாதாரணமாகக் கேட்டேன்.

"மாப்பிள்ளை, வண்டிக்கு அடில போனீங்களா?"

"ஆமா மாமா, போன வாரம். தரைல எண்ணெய் சொட்டியிருந்துச்சு, எங்கேர்ந்து ஒழுகுதுன்னு பாக்கலாம்னு. ஒண்ணும் புரியல, தலைல இடிச்சுக்கிட்டதுதான் மிச்சம்."

தப்பு செய்தவன் 'இல்லை' என்பான். கெட்டிக்காரன் 'ஆமாம்' என்பான். எனக்கு அதற்கு மேல் விசாரிக்க எதுவும் இருக்கவில்லை.

ரப்பர் போய்விட்டது என்று நானே சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் முகம் மாறியது. பயம் அது. அகப்பட்டுக்கொண்ட பயம் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றே நாளில் நாலு ரப்பரும் புதிதாக வாங்கி வந்துவிட்டார். பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, "பெரியவருக்கு முட்டி தேஞ்சுபோச்சு மாமா, மாத்திடுவோம்" என்றார். ஜீப்பை அவர் பெரியவர் என்றுதான் கூப்பிடுவார்.

"எந்தப் பெரியவருக்கு?" என்றாள் மகள்.

"ரெண்டு பேருக்கும்தான். ஒருத்தருக்குத்தான் கடைல கிடைச்சுது."

நானும் சிரித்தேன். ரப்பர்களைப் பிரித்து ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நல்ல சரக்கு. அளவும் சரி. நான் குனிந்து படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கீழே தான் படுப்பதாகவும் நான் மேலே நின்று சொல்லிக்கொடுத்தால் போதும் என்றும் அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஆரம்பித்தோம். முன்பக்கம் இரண்டும் அரை மணியில் முடிந்தது. பின்பக்கத்துக்குச் சட்டத்தை ஜாக்கியில் தூக்கினோம். இடது பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கையும் கழற்றிவிடலாம், தளர்ந்து போயிருக்கிறது, நிமிர்த்தக் கொடுக்க வேண்டும் என்றேன். அது உண்மைதான். கழற்றினால் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே தலை நுழைகிற இடம் கிடைக்கும். அதுவும் உண்மை. சட்டத்துக்குக் கொடுத்திருந்த முட்டுக்கட்டை இரண்டும் ஸ்பிரிங்கை உருவ இடைஞ்சலாக இருக்கின்றன என்று அவற்றை எடுக்கச் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. உருவியதும் மறுபடி வைக்க வேண்டும். எந்த மெக்கானிக்கும் வைப்பான். லென்ஸ் தேய்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

இப்போது அந்தப் பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது ஜாக்கி மட்டும்.

எங்கள் கொட்டகையில் ஒரு முறை உண்டு. சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் கீழே இருப்பவர் சட்டத்தில் ஸ்பானரால் இரண்டு தடவை தட்டினால் 'நான் விலகிவிட்டேன், இறக்கு' என்று அர்த்தம். இரண்டு தட்டு கேட்காமல் ஜாக்கியைத் தொடக் கூடாது. என் மகள் நடக்கப் பழகியதே அந்தக் கொட்டகையில்தான், அவளுக்கும் அது தெரியும். மாப்பிள்ளைக்கு நான் சொல்லவில்லை.

தகட்டின் போல்ட் முப்பத்து நாலு வருடத் துரு. தட்டாமல் அது அசையாது. "ஸ்பானரை மாட்டி ரெண்டு தட்டு தட்டுங்க மாப்பிள்ளை, இளகிடும்" என்றேன். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மகளின் காதில் இரண்டு தட்டு விழுந்தது. உங்களிடம் அவள் சொன்னது அதைத்தான். "அவருக்கு அந்தப் பழக்கம் தெரியாது, தெரியாம தட்டிட்டார், அப்பா வழக்கம்போல இறக்கிட்டார்" என்று அழுதுகொண்டே சொன்னாள். நீங்களும் நல்ல மனதோடு அதை ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினீர்கள். முதுமையால் ஏற்பட்ட கவனக்குறைவு, கைத்தவறு என்று அதில் இருந்தது.

அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாற்பத்தொரு வருடத்தில் என் ஜாக்கியின் கீழ் ஒரு விரல்கூட நசுங்கியதில்லை. எந்தத் தட்டு போல்ட்டில் விழுகிறது, எது சட்டத்தில் விழுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்றைக்கு விழுந்தது போல்ட்டில். கை தவறவில்லை. ஜாக்கியை இறக்கும் திருகை இடது பக்கம் முக்கால் சுற்றுத் திருப்பினேன், அது நான் நினைத்த அளவுக்குச் சரியாகத் திரும்பியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லை. மகளுக்கும் தெரியாது.

போல்ட்டைத் தட்டுவதற்கு முன்னால் அவர் வலது பக்கத்துப் பழைய ரப்பரை எட்டிப் பிடித்துப் பார்த்தார். கீழேயிருந்து குரல் வந்தது.

"மாமா, இதப் பாருங்களேன். லேசா தொட்டேன், கையோட வந்துடுச்சு. கத்தியால சீவின மாதிரி எவ்ளோ வழவழன்னு இருக்கு. வயசானா ரப்பர் இப்படித்தான் அறுந்துபோகுமா?"

அதை வெளியே உருட்டிவிட்டார். அது என் செருப்பில் வந்து முட்டி நின்றது. எடுத்துப் பார்த்தேன். இடது பக்கத்துத் தகட்டில் நான் தடவிப் பார்த்த அதே வழவழப்பு. அதற்கு யாரும் கத்தி வைத்திருக்க முடியாது, நான் பக்கத்தில் நிற்கும்போதே தானாக வந்தது.

"ஆமா மாப்பிள்ளை, இப்படித்தான் போகும்" என்றேன். அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தட்டச் சொன்னேன்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். நிறுத்தியிருந்தால் அவர் வெளியே வந்திருப்பார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சிரித்திருப்பார். இந்த ரப்பரை அவர் அறுக்கவில்லை, சரி. நாளைக்கு இன்னொன்று இருக்கும். மாத்திரை இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது. ஒரு மனிதனை ராப்பகலாகக் கவனித்துக்கொண்டே இருப்பது சின்ன வேலை இல்லை ஐயா. எனக்கு வயதாகிவிட்டது. அவர் நல்லவர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இப்போது நானும் ஒத்துக்கொள்கிறேன். அவர் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

மகள்தான் யோசிக்க வைக்கிறாள். கட்டினவன் போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் என்னைக் காப்பாற்ற அவ்வளவு அவசரமாக வந்து நின்றாளே. அது ஏன் என்று நீங்கள் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.