மூடாத நாப்பத்தொரு மூடி

"...எல்லாரையும் ஒண்ணுபோல நடத்தணுமாம், அண்ணாச்சி! எப்பிடிங்கேன்? எட்டாப்புல நாப்பத்திரெண்டு உருப்படி. மொத ரேங்கு கீர்த்திகாவும் எங்கிட்டத்தான், எழுத்துக்கூட்டத் தெரியாத பாண்டிச்செல்வியும் எங்கிட்டத்தான். எனக்கு இருக்கது ஒரு வாயி!"

சிவகாசியில் பஸ் ஏறியதிலிருந்து கைத்தொழில் வாத்தியார் சோலைச்சாமி நிறுத்தவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் மணி என்ன என்று மட்டும்தான் கேட்டிருந்தார்.

"மணியா... ரெண்டரை இருக்கும். மூணுக்கு விருதுநகர் கல்வி ஆபீசுல நான் விளக்கம் குடுக்கணும். மெமோ குடுத்திருக்காக! எதுக்குங்கீக? அட்டைப் பெட்டிக்கு! பிள்ளைகளே யோசிச்சு, வரைஞ்சு, வெட்டிப் பெட்டி செய்யணும்னு புதுசா ஒரு பாடம். இதுகள யோசிக்க விட்டா விளங்குமா? நானே போர்டுல அளவு எழுதிப்போட்டேன். பெட்டி பத்து சென்டிமீட்டர், மூடி பத்து சென்டிமீட்டர். எம்புட்டுச் சுளுவு!

"இந்தப் பாண்டிச்செல்வி எந்திரிச்சு, 'சார், மூடி ஒரு நூலளவு பெருசா இருக்கணும்'ங்கா. அவ ஆத்தா முருகம்மாள் வெடிக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டுது, அந்தத் தெனாவட்டு! 'போர்டப் பாத்துச் செய்யி, களுத'ன்னேன். கேட்டாளா? அவ இஷ்டத்துக்கு வெட்டிக் கொண்டாந்தா. போட்டேன், பத்துக்கு ரெண்டு மார்க்கு.

"நேத்து கல்வி அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வாராரு. கீர்த்திகா பெட்டிய எடுத்து மூடுதாரு... மூடல. அமுக்குதாரு, பெட்டி அப்பளமாப் போச்சு. அந்தப் பிள்ளை ஓன்னு அளுவுது. அடுத்ததும் மூடல. நாப்பத்தொண்ணும் மூடலங்கேன்! எட்மாஸ்டரு மூஞ்சியப் பாக்கணுமே, வெளக்கெண்ணெ குடிச்சாப்ல! கடேசில ஒண்ணு மட்டும் வச்சதும் கப்புனு உக்காருது. அதைக் கேமரா செல்லுல வேற போட்டோ புடிக்காரு. 'இதுக்கு எதுக்குய்யா ரெண்டு மார்க்கு?'ங்காரு. 'அளவ மாத்திப்புட்டா சார்'னேன்."

பக்கத்து சீட்டுக்காரர் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். சோலைச்சாமிக்குக் குரல் இறங்கிவிட்டது.

"என்ன அப்பிடிப் பாக்கீக? ஆமா... தப்பா எழுதுனது நாந்தான். ரெண்டும் ஒரே அளவுன்னா எப்பிடி மூடும்? பதினெட்டு வருச சர்வீசு, தோணலையே! பிள்ளைக சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்...

"இன்னைக்குக் காலைல வெக்கத்த விட்டு, 'நீயே சொல்லிக் குடு தாயி'ன்னு சாக்பீஸ அவ கைல குடுத்துட்டேன். அவளுக்கு எளுத வராதே... படமாப் போட்டா. கீர்த்திகா அதப் பாத்து வெட்டுது. நானும் பின்பெஞ்சுல உக்காந்து ஒண்ணு வெட்டுனேன். பாண்டிச்செல்வி வாங்கிப் பாத்துட்டு, 'சார், கோணலா இருக்கு, மறுக்கா வெட்டுங்க'ன்னுட்டா.

"வெட்டுனேன் அண்ணாச்சி... மூணு தடவ வெட்டுனேன்."